முதல் சீசன் அருமை, அடுத்ததைப் பார்க்கலாமா? தொடர்களின் பின் சீசன்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு தொடரின் முதல் சீசனை ஒரே மூச்சில் பார்த்து முடித்தவர்கள் அடுத்துக் கேட்பது ஒன்றுதான்: "மேற்கொண்டு நல்லா இருக்குமா, இழுவையா?" அதற்கான பதில்களை இங்கே சேர்த்திருக்கிறோம். பேச்சு பெரும்பாலும் ஒரு மணி நேர அமெரிக்க டிராமாக்களைப் பற்றியது. பிறகு ஸ்பெயின், கொரியா, நம்மூர் தொடர்களும் வரும். கதையில் யார் செத்தார், யார் பிழைத்தார் என்று எங்கும் சொல்லவில்லை. சில காட்சிகளின் களம் மட்டும் வரும்.

பின் சீசன்கள் ஏன் இவ்வளவு அடிக்கடி சொதப்புகின்றன?

முதல் சீசன் ஊறிய சரக்கு. எழுதியவர் மனசில் வருடக்கணக்கில் கிடந்த பாத்திரங்கள், சம்பவங்கள், நல்ல வசனங்கள் எல்லாம் அதில் இறங்கிவிடும். இரண்டாவது சீசனை எழுதக் கிடைப்பது சில மாதங்கள்தான். அமெரிக்கச் சேனல்கள் வழக்கமாக ஆண்டுக்கு ஒருமுறைதான் தொடரைத் தொடர்வதா, நிறுத்துவதா என்று முடிவு செய்கின்றன. அடுத்த ஆண்டு இருக்குமா என்று தெரியாமல் எழுதும்போது கதையை முடிக்கவும் முடியாது, பெரிதாக நகர்த்தவும் முடியாது. நாயகனின் ரகசியம் வெளியானால் தொடரே முடிந்துவிடும் என்று வையுங்கள். அது வெளிவரப்போகிற நேரத்தில் ஒவ்வொரு தடவையும் ஏதாவது குறுக்கே வரும். மூன்றாவது தடவை வரும்போது பார்ப்பவருக்கு அலுத்துவிடும்.

அதனால் ஒரு பின் சீசனை எடைபோடும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். இன்னும் எத்தனை எபிசோட் மிச்சம் என்பது எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்ததா? அதே கைதான் எழுதியதா? கைவசம் கதை இருந்ததா? முதல் இரண்டும் சரியாக இருந்தால், மூன்றாவது இல்லாமலும் ஒரு தொடர் தப்பித்துவிடும்.

முழுக் கதையையும் முதலிலேயே யோசித்து வைத்திருந்தால்தானே நன்றாக வரும்?

பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் கடைசிவரை கெடாத தொடருக்கு எல்லோரும் உதாரணம் காட்டும் பிரேக்கிங் பேட் (2008–2013) அப்படி எழுதப்பட்டதல்ல. அதன் ஐந்தாவது சீசன் தொடங்கும் காட்சியில் ஒரு கார் டிக்கி திறக்கிறது, உள்ளே ஓர் இயந்திரத் துப்பாக்கி. அது எதற்கு, யாரை நோக்கி என்பது அந்தக் காட்சியை எழுதியபோது தங்களுக்கே தெரியாது என்று தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன் பின்னால் சொன்னார்.

அவர்களுக்குத் தெரிந்தது வேறொன்று: மிச்சம் 16 எபிசோட், அதோடு முடிவு. முதல் சீசனையும் 9 எபிசோடாகத் திட்டமிட்டு, 2007–08 எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் 7-இல் நிறுத்தினார்கள். பிறகு 13, 13, 13, கடைசியில் 16. ஆக மொத்தம் 62. எல்லாவற்றுக்கும் கில்லிகனே தலைமை. துப்பாக்கியை முதலில் வைத்துவிட்டு, "இதை இந்த மனுஷன் எதற்கு வாங்கியிருப்பான்?" என்று அவன் குணத்திலிருந்து பதில் தேடினார்கள். பாத்திரத்தை நன்றாகத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பதில் கிடைத்துவிடுகிறது.

முடிவுத் தேதி தெரிவது அவ்வளவு முக்கியமா?

தீவில் சிக்கிக்கொண்டவர்களின் மர்மக் கதையான லாஸ்ட் (2004–2010) தொடரின் மூன்றாவது சீசனைப் பார்த்தாலே புரியும். முதல் மூன்று சீசன்களிலும் ஒவ்வொன்றும் 20-க்கு மேற்பட்ட எபிசோடுகள். சேனல் நிறுத்த விடவில்லை, மர்மங்களை அவிழ்க்கவும் வழியில்லை. விளைவு: மூன்றாவது சீசனின் 9-வது எபிசோடில் முக்கியப் பாத்திரத்தின் கையில் குத்தியிருக்கும் பச்சை எப்படி வந்தது என்பதற்குப் பாதிக் கதை போகிறது. யாரும் கேட்காத கேள்விக்குப் பதில்.

2007 மே மாதம் சேனலும் எழுத்தாளர்களும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள்: இன்னும் மூன்று சீசன், ஆண்டுக்கு 16 வீதம் 48 எபிசோட், 2010-இல் முடிவு. வேலைநிறுத்தம் குறுக்கிட்டதால் அது 14, 17, 18 என்று மாறியது. நான்காவது சீசனில் வேகம் கூடுவதைக் கூர்ந்து பார்க்காமலே உணரலாம். இறுதி எபிசோட் பிடித்ததா என்பதில் ரசிகர்கள் இன்றுவரை இரண்டு கட்சி. நான்காவது சீசன் மூன்றாவதின் முற்பாதியைவிட நன்றாக இருக்கிறது என்பதில் சண்டை குறைவு.

லாஸ்ட் தொடங்குபவர்களுக்கு எங்கள் யோசனை: மூன்றாவது சீசனின் முதல் 10 எபிசோடுகளில் அலுத்துப்போனால் விட்டுவிடாதீர்கள், அதே சீசனின் கடைசி எபிசோட் வரை போங்கள். அதற்குப் பிறகும் பிடிக்காவிட்டால் தாராளமாக நிறுத்தலாம்.

உருவாக்கியவர் விலகினால் தொடர் கெட்டுவிடுமா?

பெரும்பாலும் ஓர் அடி விழும். எழுந்து நிற்பதும் நிற்காததும் அடுத்து வருபவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தது.

அமெரிக்க அதிபர் மாளிகையைக் களமாகக் கொண்ட தி வெஸ்ட் விங் (1999–2006) தொடரின் முதல் நான்கு சீசன்களில் பெரும்பாலான எபிசோடுகள் அதை உருவாக்கிய ஆரோன் சோர்கின் கையால் வந்தவை. 2003-இல் அவர் விலகினார். ஐந்தாவது சீசனில் அவர் நடையைப் போலச் செய்யப் பார்த்தார்கள். நடந்துகொண்டே பேசும் காட்சிகள் இருந்தன, பேச்சில் அந்தத் துள்ளல் இல்லை. ஆறாவதிலிருந்து அந்த முயற்சியை விட்டுவிட்டு, அடுத்த அதிபர் தேர்தல் பிரச்சாரம் என்று புதுக் களத்துக்குப் போனார்கள். ஜிம்மி ஸ்மிட்ஸ், ஆலன் ஆல்டா என்று புது முகங்கள் வந்தன, தொடர் மீண்டது. ஐந்தாவதைச் சகித்துக்கொண்டால் ஆறும் ஏழும் பலன் தரும்.

கொலைகாரன் ஒருவனையே நாயகனாகக் கொண்ட டெக்ஸ்டர் (2006–2013) மீளவில்லை. நான்காவது சீசன் முடிந்து 2009-இல் தலைமை எழுத்தாளர் கிளைட் பிலிப்ஸ் போனார். அதன்பிறகும் நான்கு சீசன். கதை அதே வட்டத்தில் சுற்றியது: புது வில்லன், மாட்டிக்கொள்ளும் நிலை, தப்பித்தல். நாயகனின் வாழ்க்கையை மாற்ற எழுத்தாளர்கள் துணியவில்லை. எட்டாவது சீசனின் முடிவு மோசமான முடிவுகளின் பட்டியல்களில் இன்னும் இடம்பிடிக்கிறது. 2021-இல் பிலிப்ஸ் திரும்பி வந்து 10 எபிசோடில் இன்னொரு முடிவை எழுத வேண்டியதாயிற்று. நான்காவது சீசனோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அங்கே கதைக்கு வலுவான ஒரு நிறுத்தம் இருக்கிறது.

தலைமை எழுத்தாளரின் பெயரை எங்கே பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு: விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு சீசனுக்கும் தனிப் பக்கமோ அட்டவணையோ இருக்கும். அதில் "எழுத்து" என்ற பத்தியை மட்டும் மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். கதைச் சுருக்கத்தைப் படிக்கத் தேவையில்லை. முதல் சீசனில் திரும்பத் திரும்ப வந்த மூன்று நான்கு பெயர்கள் புது சீசனில் காணாமல் போயிருந்தால் அது எச்சரிக்கை.

மூல நாவல் தீர்ந்துபோனதால்தான் கேம் ஆஃப் த்ரோன்ஸ் கெட்டதா?

பாதி உண்மை. தொடர் 2011 ஏப்ரலில் தொடங்கியது, நாவல் வரிசையின் ஐந்தாம் புத்தகம் அதே ஆண்டு ஜூலையில் வந்தது. அடுத்த புத்தகம் தொடர் முடியும்வரை வரவே இல்லை. 2016-இல் வந்த ஆறாவது சீசனிலிருந்து எழுத்தாளர்கள் பெரும்பாலும் சொந்தக் காலில் நடந்தார்கள்.

ஆனால் எபிசோட் எண்ணிக்கையையும் பாருங்கள். முதல் ஆறு சீசன்கள் தலா 10. ஏழாவது 7, எட்டாவது 6. மொத்தம் 73. தொடரை ஒளிபரப்பிய எச்பிஓ சேனல் இன்னும் நீட்டிக்கத் தயாராகவே இருந்தது, முடித்துக்கொள்ள முடிவு செய்தவர்கள் தயாரிப்பாளர்கள். முடிவுத் தேதி தெரிந்திருந்தும் தொடர் தடுமாறியதற்குக் காரணம், மிச்சமிருந்த கதைக்கு அந்த 13 எபிசோட் போதவில்லை.

இதைத் தூரத்தை வைத்தே காட்டலாம். முதல் எபிசோடில் அரசர் தலைநகரிலிருந்து வடக்கே வந்து இறங்குகிறார். ஒரு மாதமாகப் பயணம் என்று அரசி சலித்துக்கொள்கிறாள். அந்த ஒரு மாதம்தான் அந்த உலகத்துக்கு எடையைக் கொடுத்தது. ஒரு கடிதம் தாமதித்தால் போர் மூளும், ஆள் வந்து சேர்வதற்குள் எல்லாம் கைமீறிவிடும். ஏழாவது சீசனின் 6-வது எபிசோடில் உறைந்த ஏரி நடுவே சிலர் சிக்கிக்கொள்கிறார்கள். ஒருவன் கோட்டைக்கு ஓடுகிறான், அங்கிருந்து காகம் பறக்கிறது, கண்டத்தின் பாதித் தூரத்தைத் தாண்டிச் செய்தி போய், அங்கிருந்து உதவி வருகிறது. ஏரியில் இருப்பவர்களுக்கு ஏறக்குறைய ஓரிரவு கழிந்த மாதிரிதான் தெரிகிறது. டிராகன் பறக்கும் உலகத்தில் தூரமா முக்கியம் என்று கேட்கலாம். முக்கியம்தான். அந்த உலகத்தின் விதியை எழுதியவர்களே வகுத்தார்கள், பிறகு அவர்களே அதை மீறினார்கள்.

அப்படியானால் நாவல் தீர்ந்த பிறகு நன்றாக வந்த தொடர் உண்டா?

உண்டு. தி லெஃப்ட்ஓவர்ஸ் (2014–2017) பின் சீசன்களுக்காகவே பார்க்க வேண்டிய தொடர். டாம் பெரோட்டாவின் நாவல் முதல் சீசனோடு தீர்ந்துவிட்டது. இரண்டாவது சீசனில் ஊர் மாறுகிறது, டெக்சாஸுக்குப் போகிறார்கள், தொடக்க இசை மாறுகிறது, புதிதாக ஒரு குடும்பம் வருகிறது. அந்த சீசன் தொடங்குவது பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு குகையில்: ஒரு கர்ப்பிணி, ஒரு நிலநடுக்கம், ஒரு பிரசவம். பேச்சே கிடையாது. தொடரில் நமக்குத் தெரிந்த ஒருவரும் அந்தக் காட்சியில் இல்லை. பார்ப்பவரை நம்பி எழுதியவர்களால் மட்டுமே அப்படித் தொடங்க முடியும்.

இங்கே கதை தீர்ந்தாலும் கை மாறவில்லை. பெரோட்டாவே எழுத்துக் குழுவில் இருந்தார், தலைமை டேமன் லிண்டலாஃப். லாஸ்ட் தொடரின் கடைசி சீசனுக்காக ஏகப்பட்ட திட்டு வாங்கியவர் அவர். எபிசோடுகள் 10, 10, 8. முதல் சீசன் மனதை அழுத்தும், நிறையப் பேர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். இரண்டாவதின் முதல் இரண்டு எபிசோடுகளைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தி வயர் இரண்டாவது சீசன் வேறு தொடர் மாதிரி இருக்கிறதே, விட்டுவிடலாமா?

விடவே கூடாது. இந்தப் பக்கத்தில் நாங்கள் இவ்வளவு உறுதியாகச் சொல்லும் பதில் இது ஒன்றுதான்.

பால்டிமோர் நகரத்தை ஐந்து பக்கத்திலிருந்து பார்க்கும் தொடர் அது (2002–2008, 60 எபிசோட்). முதல் சீசன் போதைப்பொருள் விற்கும் தெருமுனைகளும் போலீசும். இரண்டாவது துறைமுகத் தொழிலாளர்கள். மூன்றாவது மாநகர அரசியல், நான்காவது பள்ளிக்கூடம், ஐந்தாவது செய்தித்தாள். முதல் சீசனில் பழகிய முகங்களைத் தேடிக்கொண்டு இரண்டாவதில் நுழைபவர்களுக்குக் கப்பல், கன்டெய்னர், தொழிற்சங்கத் தேர்தல் என்று வந்தால் திகைப்புதான். வேலை குறைந்துபோன துறைமுகத்தின் கதை எதற்கு என்று தோன்றும். நேர்மையாகப் பிழைக்க வழி அடைபட்ட நகரத்தில் தெருமுனை வியாபாரத்துக்கு ஆள் எங்கிருந்து வருகிறது என்பதற்கான பதில் அதில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு சீசனிலும் தொடக்கப் பாட்டு ஒன்றுதான், பாடுகிற குரல் மட்டும் மாறும். நான்காவதில் பால்டிமோரைச் சேர்ந்த இளைஞர்களே பாடுகிறார்கள். அது பள்ளிப் பிள்ளைகளின் சீசன். தொடரை உருவாக்கிய டேவிட் சைமன் பால்டிமோரில் செய்தியாளராக இருந்தவர். உடன் எழுதிய எட் பர்ன்ஸ் அங்கே போலீஸ் துப்பறிவாளராக இருந்து, பிறகு பள்ளி ஆசிரியரானவர். நான்காவது சீசனின் வகுப்பறைக் காட்சிகளில் தெரியும் உண்மை அங்கிருந்து வந்தது. ஒரு தொடரின் ஆகச் சிறந்த சீசன் நான்காவதாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஐந்தாவது மட்டும் 10 எபிசோடாகச் சுருங்கியது. அதில் வரும் ஒரு புலன்விசாரணைக் கதை நம்பும்படி இல்லை என்ற குறை நியாயமானதே. இருந்தாலும் முடித்துவிடுங்கள்.

பார்க்கும் முறை: சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள், தெருப்பேச்சு சட்டென்று பிடிபடாது. ஒரு நாளைக்கு இரண்டு எபிசோடுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு சீசனுக்கும் குறைந்தது நான்கு எபிசோட் அவகாசம் கொடுங்கள்.

மற்ற தொடர்களுக்கு எத்தனை எபிசோட் பொறுக்கலாம்?

8 எபிசோட் சீசனுக்கு இரண்டு. 13 எபிசோட் சீசனுக்கு நான்கு. 22 எபிசோட் சீசனுக்கு ஆறு, ஏனென்றால் அவற்றில் சும்மா இடம் நிரப்பும் எபிசோடுகள் நிச்சயம் இருக்கும். மொத்த நேரத்தையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 42 நிமிட எபிசோட் 22 என்றால் ஒரு சீசனுக்கே பதினைந்தரை மணி நேரம். தி வாக்கிங் டெட் 11 சீசன், 177 எபிசோட். தினம் ஒரு மணி நேரம் பார்த்தாலும் நாலு மாதத்துக்கு மேல் ஆகும்.

அந்த அவகாசத்துக்குள் கவனிக்க வேண்டியவை: புத்திசாலியாக இருந்த பாத்திரம் கதைக்காகத் திடீரென்று முட்டாளாகிறதா? செத்தவர் திரும்பி வருகிறாரா? போன சீசன் வில்லனைவிடப் பெரிய வில்லன் என்பது மட்டும்தான் புதுசா? ஒரே ஒரு வார்த்தை பேசினால் தீர்ந்துவிடும் பிரச்சினையைப் பேசாமலே மூன்று எபிசோட் ஓட்டுகிறார்களா? இவற்றில் இரண்டு இருந்தால் நிறுத்தலாம்.

ரேட்டிங்கை நம்பலாமா?

பின் சீசன்களின் ரேட்டிங் எப்போதும் கொஞ்சம் ஊதியிருக்கும். பிடிக்காதவர்கள் முதல் சீசனிலேயே விலகிவிடுவதால், ஐந்தாவதுக்கு மார்க் போடுபவர்களில் பெரும்பாலோர் ரசிகர்கள். எனவே முதல் சீசனின் 8.5-ம் ஐந்தாவதின் 8.5-ம் ஒன்றல்ல. கடைசி எபிசோடின் மார்க்கையும் தனியாக எடுக்காதீர்கள். கோபத்தில் 1, பாசத்தில் 10 என்று அங்கே குவியும். சீசனின் நடு எபிசோடுகள் 4, 5, 6 என்ன மார்க் வாங்கியிருக்கின்றன என்று பாருங்கள். சீசனின் உண்மையான தரம் அங்கே தெரியும்.

விருதும் உதவாது. கேம் ஆஃப் த்ரோன்ஸ் எட்டாவது சீசனை மறுபடி எடுக்கச் சொல்லி 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இணைய மனுவில் கையெழுத்திட்டார்கள். அதே சீசன் 2019-இல் சிறந்த டிராமாவுக்கான விருது உட்பட 12 எம்மி வாங்கியது.

மணி ஹைஸ்ட், ஸ்குவிட் கேம் எதுவரை பார்க்கலாம்?

மணி ஹைஸ்ட் ஸ்பெயின் சேனல் ஒன்றுக்காக 2017-இல் 15 நீண்ட எபிசோடுகளில் எடுத்து முடிக்கப்பட்ட கதை. நெட்ஃபிளிக்ஸ் அதையே 22 எபிசோடாக வெட்டி, முதல் இரண்டு பாகங்களாக வெளியிட்டது. அங்கே கதை உண்மையிலேயே முடிந்துவிடுகிறது. உலகமெங்கும் ஓடியதால் 2019 முதல் 2021 வரை மூன்று பாகங்கள் கூடுதலாக வந்தன. ஆட்களைப் பிடித்துப்போனவர்கள் அவற்றையும் ரசிக்கலாம். திட்டத்தின் நுட்பத்துக்காகப் பார்த்தவர்கள் இரண்டாம் பாகத்தோடு நிறுத்துங்கள்.

ஸ்குவிட் கேம் 2021-இல் 9 எபிசோட். 2024 டிசம்பரில் வந்த 7-ம், 2025 ஜூனில் வந்த 6-ம் ஒரே கதையாக எழுதி இரண்டாகப் பிரித்தவை. இரண்டாவது சீசன் பாதியில் நிற்கிறதே என்று திட்டுவதற்கு முன் மூன்றாவதையும் சேர்த்து 13 எபிசோடாகப் பாருங்கள்.

நம்மூர் தொடர்கள்?

தி ஃபேமிலி மேன் முதல் சீசன் 2019, இரண்டாவது 2021 ஜூன். சென்னைக்கு நகர்ந்த இரண்டாவதில் தமிழ் வசனம் ஏராளம். உதய் மகேஷ் நடித்த செல்லம் சார் சில நிமிடங்களே வந்தாலும் வீட்டுக்கு வீடு பிரபலமானார். அதே சீசன் ஈழத் தமிழர்களைக் காட்டிய விதத்துக்கு எதிர்ப்பு கிளம்பி, தமிழக அரசும் தடை கோரி ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதியது. இந்த சீசனைப் பற்றிப் பேசும்போது இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள். திரைக்கதை விறுவிறுப்பானது என்பதும், ஒரு போராட்ட வரலாற்றைக் கையாண்ட விதம் காயப்படுத்தியது என்பதும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொல்லக்கூடியவை. ஒன்றைச் சொல்வதால் மற்றதை மறுத்ததாகாது.

சுழல் 2022, 2025 என இரண்டு சீசன், தலா 8 எபிசோட். புஷ்கர்–காயத்ரி உருவாக்கியது. முதலாவதில் மயானக் கொள்ளைத் திருவிழா பின்னணி, இரண்டாவதில் வேறு ஊர், வேறு திருவிழா. களம் மாறினாலும் திருவிழாவும் துப்பறிதலும் பின்னிப்போகும் முறை அதேதான். முறை ஏற்கெனவே பழகிவிட்டதால் இரண்டாவதில் வியப்பு குறைவு. முதலாவது பிடித்தவர்களுக்கு ஏமாற்றம் இருக்காது.

மெகா சீரியலுக்கும் இதே அளவுகோலா?

கூடாது. வாரத்துக்கு ஐந்தாறு நாள் ஒளிபரப்பாகும் கதையை சீசன் கணக்கில் அளக்க முடியாது. இங்கே கேட்க வேண்டியது, ஒரு பெரிய மாற்றத்துக்குப் பிறகு கதை நிமிர்ந்ததா என்பதுதான். எதிர்நீச்சலில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் காலமானார். "இந்தாம்மா ஏய்" என்ற அந்த ஓர் அதட்டலில் மொத்த வீடும் ஒடுங்கும். அவருக்குப் பதிலாக வந்த வேல ராமமூர்த்தி நல்ல நடிகர். இருந்தும் அந்த இடத்தை நிரப்புவது எளிதாக இருக்கவில்லை, ஏனென்றால் பாத்திரம் அந்தக் குரலைச் சுற்றியே வளர்ந்திருந்தது. "இவருக்குப் பதில் இவர்" என்று அட்டை போட்டு நகர்கிற வழக்கம் துணைப் பாத்திரங்களுக்குச் சரிப்படும். கதையின் அச்சாக இருப்பவருக்குச் சரிப்படாது.

ஸ்பாய்லர் இல்லாமல் கருத்துச் சொல்வது எப்படி?

முதலில் எதிரில் இருப்பவர் எதுவரை பார்த்திருக்கிறார் என்று கேளுங்கள். "மூணாவது சீசன், ஆறாவது எபிசோட்" என்று துல்லியமாக. பிறகு அதற்கு முன்னால் நடந்ததை மட்டும் பேசுங்கள்.

"கடைசியில ஒரு ட்விஸ்ட் இருக்கு" என்பதும் ஸ்பாய்லர்தான். அதைக் கேட்டவர் கதையைப் பார்க்காமல் ட்விஸ்டைத் தேடிக்கொண்டிருப்பார். "அவனை நம்பாதே", "அவளை ரொம்பப் பிடிச்சுப்போக விடாதே" என்பவை அதைவிட மோசம். சொல்லக்கூடியவை வேறு: வேகம் கூடுகிறதா குறைகிறதா, ஊர் மாறுகிறதா, எத்தனை எபிசோட் பொறுக்க வேண்டும், கதை முழுதாக முடிகிறதா அந்தரத்தில் நிற்கிறதா. "இரண்டாவது மெதுவா போகும், நாலாவது எபிசோட் வரைக்கும் பொறு, கதை முடிஞ்சிடும், மூணாவது கட்டாயமில்லை" என்று சொன்னால் போதும், கேட்டவர் இன்று ராத்திரி எதைப் போடுவது என்று முடிவு செய்துவிடுவார்.